பெயர் சொல்லி அழைக்கும் சோதனை

கணிப்பொறியில் இயங்கும் எந்த மென்பொருளுக்கும் அகம் ஒன்றும் முகம் ஒன்றும் உண்டு. கணக்கிடுதல், வரிசைப்படுத்துதல், கோப்புகளைச் சேமித்தல் போன்றவை அகத்தின் வேலைகள். பொத்தான், மெனு, எழுதுவதற்கான கட்டம் முதலியவை அடங்கிய திரைத் தோற்றமே அதன் முகம். அகத்தைச் சோதிப்பது ஒப்புநோக்க எளிது. பெருக்கல் செய்யும் பகுதியிடம் 7, 8 என்னும் எண்களைக் கொடுத்து, 56 வருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்துவிட்டால், அச்சோதனையை நாளொன்றுக்கு நூறு முறை நடத்தினாலும் எவருக்கும் களைப்பு உண்டாவதில்லை. முகத்தைச் சோதிப்பதோ அவ்வாறன்று. அகம் 56 என்று சரியாகவே கணக்கிட்டிருந்தும், பெருக்கல் குறியிட்ட பொத்தான் அமுக்கப்பட்ட செய்தி அகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், உபயோகிப்பவருக்கு அம்மென்பொருள் பழுதுபட்டதேயாகும். இத்தகைய பழுதைக் கண்டறிய, ஒரு மனிதர் திரைமுன் அமர்ந்து ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்க்கவேண்டியிருந்தது.

ஊதியம் கொடுத்துச் சோதனையாளர்களை அமர்த்தும் பெரிய நிறுவனங்களுக்கே இது சுமையான காரியம். தன்னார்வத் தொண்டர்களால் நடத்தப்பெறும் திறந்த மூல மென்பொருள் திட்டங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய திட்டங்களுள் ஒன்றான கே.டி.இ. இச்சிக்கலை எவ்வாறு கையாண்டது என்பதையும், அதனால் பார்வையற்றவர்களுக்கு விளைந்த ஒரு நன்மையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கே.டி.இ. திட்டம் 1996 அக்டோபரில், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பயின்றுகொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிக் என்னும் மாணவர் விடுத்த அழைப்பின் பேரில் தொடங்கிற்று. லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகளுக்கு, சாதாரண மக்களும் எளிதில் கையாளத்தக்க திரைச்சூழல் ஒன்றை அமைப்பதே அதன் நோக்கம். இன்று பிளாஸ்மா என்னும் திரைச்சூழலும், ஆவணம் படிக்க ஒகுலர், கணக்கிட கே-கால்க், கோப்புகளை ஒழுங்குசெய்ய டால்பின் என்றவாறு ஏராளமான மென்பொருள்களும் அதன் குடையின்கீழ் உள்ளன. இம்மென்பொருள்களின் தொகுதி ஆண்டுக்கு 3 முறை, அதாவது ஏப்ரல், ஆகஸ்டு, டிசம்பர் மாதங்களில், புதுப்பிக்கப்பட்டு வெளிவருகிறது. உலகின் பல மூலைகளிலிருந்து பலர் அனுப்பும் திருத்தங்கள் நாள்தோறும் மூலநிரலில் சேர்ந்தவண்ணம் உள்ளன. யாரோ ஒருவர் எங்கோ செய்த திருத்தம் வேறெங்கோ உள்ள பொத்தானைச் செயலற்றதாக்கிவிடுவது அரிதன்று.

தொடக்கத்தில் பலரும் கையாண்ட வழி, மனிதக் கையின் அசைவை அப்படியே திரும்பச் செய்விப்பது. மவுஸ் என்னும் கைக்கருவியைத் திரையின் இடது ஓரத்திலிருந்து 412 புள்ளியும், மேல் ஓரத்திலிருந்து 230 புள்ளியும் நகர்த்தி அமுக்குக என்பதுபோன்ற கட்டளைகளை வரிசையாக எழுதி வைப்பர். எக்ஸ்-டூ-டூல் என்ற கருவி இதற்குப் பெரிதும் பயன்பட்டது. இம்முறையின் குறை வெளிப்படை. எழுத்தின் அளவு சற்றுப் பெரிதானால் பொத்தான் இடம் பெயர்ந்துவிடும். சாளரம் வேறிடத்தில் திறந்தாலும் அவ்வாறே. தமிழில் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீண்டவை. பொத்தானின்மேல் தமிழ்ச் சொல்லை இட்டவுடன் அதன் அகலம் கூடி, அடுத்திருக்கும் பொத்தான்கள் அனைத்தும் நகர்ந்துவிடுகின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பவன், வீட்டிலிருந்த நாற்காலியை யாராவது நகர்த்தி வைத்தால் எவ்வாறு இடறுவானோ, அவ்வாறே இச்சோதனையும் இடறும்.

திரையைப் படம் பிடித்து, முன்னர் எடுத்துவைத்த படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவது மற்றொரு வழி. எழுத்துக்களின் ஓரம் ஒரு கணிப்பொறியில் சற்று மங்கலாகவும் மற்றொன்றில் சற்றுத் தெளிவாகவும் விழுவதுண்டு. மனிதக் கண் பொருட்படுத்தாத அவ்வேறுபாட்டைச் சோதனை நிரல் பெரும்பிழையாகக் கருதி அபாய மணி அடித்துவிடும். பழுது ஏதும் இல்லாதபோதே நாள்தோறும் மணி அடித்துக்கொண்டிருந்தால், உண்மையாகவே பழுது நேர்ந்த நாளிலும் அம்மணியை எவரும் பொருட்படுத்தார். நம்பிக்கை இழந்த சோதனை, சோதனையே இல்லாமையைக் காட்டிலும் தீங்கானது என்பது என் கருத்து. இல்லாத சோதனை எவரையும் ஏமாற்றுவதில்லையல்லவா?

இவற்றோடு புதியதொரு தடையும் சேர்ந்தது. எக்ஸ்-டூ-டூல் போன்ற கருவிகள், 1984-ல் அமெரிக்காவின் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் என்னும் சாளர முறையை நம்பியிருந்தவை. அம்முறையில் ஒரு நிரல் மற்றொரு நிரலின் சாளரத்துக்கு, மனிதரே விசையை அமுக்கியதுபோல் செய்தி அனுப்பலாம். சோதனைக்கு வசதியான இந்த ஏற்பாடு திருடனுக்கும் வசதியானது. ஆகவே அதன் இடத்தைப் பெற்றுவரும் வேலண்ட் என்னும் புதிய முறையில் இவ்வழி அடைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த பிளாஸ்மா 6-ஆம் பதிப்பு வேலண்ட் முறையையே இயல்பான முறையாக ஏற்றுக்கொண்டது. பழைய சோதனைக் கருவிகள் இதனால் பெரும்பாலும் பயனற்றுப் போயின.

இந்நிலையில் கைகொடுத்தது, சோதனைக்காக அன்றி முற்றிலும் வேறொரு நோக்கத்துக்காக அமைக்கப்பட்டிருந்த மற்றொரு வாயில். பார்வையற்றவர்கள் கணிப்பொறியைக் கையாளுவதற்குத் திரைபடிப்பான் என்னும் மென்பொருள் உதவுகிறது. லினக்ஸ் முறைமைகளில் ஓர்கா என்பது அத்தகையதொன்று. அது திரையின் படத்தைப் பார்த்துப் படிப்பதன்று. ஒவ்வொரு மென்பொருளும் தன் முகத்திலுள்ள உறுப்புக்கள் யாவை என்பதை ஒரு பட்டியலாக, வம்சாவளிப் படம்போல் கிளை கிளையாக, தெரிவிக்கிறது. இது பொத்தான், இதன் பெயர் 'சேமி', இப்போது அமுக்கத்தக்க நிலையில் உள்ளது, என்னும் பாங்கில் அத்தகவல் அமையும். இத்தகவல் செல்லும் பாதையை வகுத்தது, 2000-க்குப் பிந்தைய முதற்சில ஆண்டுகளில் க்னோம் திட்டத்தாரும் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தாரும் உருவாக்கிய ஏ.டி.-எஸ்.பி.ஐ. என்னும் இணைப்பு முறையாகும். கே.டி.இ. மென்பொருள்களுக்கு அடித்தளமான க்யூட் நூலகம், 2012-ல் வெளியான தன் 5-ஆம் பதிப்பு முதல் இம்முறையைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

பார்வையற்றவருக்கு உறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியமன்று. அதன் பெயரும் இயல்புமே முக்கியம். சோதனை நிரலுக்கும் வேண்டுவது அதுவே. 412-ஆம் புள்ளியில் உள்ளதை அமுக்கு என்பதற்குப் பதிலாக 'சேமி' என்னும் பொத்தானை அமுக்கு என்று சொல்ல முடியுமானால், அப்பொத்தான் திரையின் எம்மூலைக்கு நகர்ந்தாலும் சோதனை இடறாது.

சோதனைகளை எழுதுவோர் ஒவ்வொருவரும் இவ்விணைப்பு முறையின் நுட்பங்களைக் கற்பது கடினம். ஆகவே வலைத்தளங்களைச் சோதிப்பதற்கென முன்பே பழக்கத்தில் இருந்த ஒரு மொழியைக் கே.டி.இ. தொண்டர்கள் கடன் வாங்கினர். 2004-ல் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேஸன் ஹக்கின்ஸ் என்பவர், வலைப்பக்கத்தைத் தானே இயக்கிப் பார்க்கும் கருவி ஒன்றை அமைத்தார். மெர்க்குரி, அதாவது பாதரசம், என்னும் பெயருடைய நிறுவனம் ஒன்று அக்காலத்தில் சோதனைக் கருவிகளை விற்றுவந்தது. பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்பதால், அவர் விளையாட்டாகத் தம் கருவிக்குச் 'செலினியம்' என்று பெயரிட்டார். அதனின்று வளர்ந்த வெப்டிரைவர் என்னும் உரையாடல் விதிகள் 2018 ஜூனில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரைத் தரமாயின. உறுப்பைத் தேடு, அமுக்கு, எழுது, அதிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல் என்பன போன்ற சிலவகைக் கட்டளைகளே அவ்விதிகளின் சாரம்.

2022-ல் கே.டி.இ. தொண்டர்கள் இவ்விரண்டையும் இணைக்கும் துபாஷி நிரல் ஒன்றை எழுதினர். ஒருபுறம் அது வெப்டிரைவர் விதிப்படி கட்டளைகளைப் பெறுகிறது. மறுபுறம் அவற்றை ஏ.டி.-எஸ்.பி.ஐ. முறைக்கு மாற்றி மென்பொருளிடம் சேர்ப்பிக்கிறது. சோதனை எழுதுபவர் வலைத்தளத்தைச் சோதிப்பவர் எழுதுவது போலவே எழுதினால் போதும். அதே ஆண்டு அக்டோபரில் பார்சலோனா நகரில் கூடிய கே.டி.இ. மாநாட்டில், அடுத்த சில ஆண்டுகளுக்கான குறிக்கோள்கள் 3 அறிவிக்கப்பட்டன. அனைவரும் அணுகத்தக்க மென்பொருள், திட்டத்தின் உள்வேலைகளைத் தானியங்கு முறைக்குக் கொண்டுவருதல், சுற்றுச்சூழலுக்கு உகந்த மென்பொருள் என்பன அவை. ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இம்மூன்றுக்கும் இத்துபாஷி நிரல் ஒருங்கே பயன்பட்டது.

கே-கால்க் என்னும் கணக்கிடும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சோதனை நிரல் முதலில் அம்மென்பொருளைத் திறக்கிறது. பின் '7' என்ற பெயருடைய பொத்தானைத் தேடி அமுக்குகிறது. பெருக்கல் குறியையும், '8'-ஐயும், சமக்குறியையும் அவ்வாறே அமுக்குகிறது. இறுதியில் விடை தோன்றும் இடத்தைத் தேடி, அங்கே 56 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறது. இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. பொத்தானின்மேல் எழுதப்பட்ட எண்ணே அதற்குப் பெயராக அமைந்துவிடுகிறது. விடை தோன்றும் கட்டத்தின்மேலோ எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. மாறிக்கொண்டேயிருக்கும் எண் மட்டுமே அதில் உண்டு. பார்ப்பவர்க்கு அது விடைக்குரிய இடம் என்பது இடத்தாலும் எழுத்தின் பருமனாலும் விளங்கும். நிரலுக்கு விளங்க வேண்டுமாயின், விடை காட்டும் பகுதி என்ற பொருள்படும் விளக்கக் குறிப்பை மூலநிரலில் சேர்த்தாக வேண்டும். சோதனைக்காக அக்குறிப்பைச் சேர்த்த கணமே, திரைபடிப்பானும் அதனை வாய்விட்டுச் சொல்லக் கூடியதாகிவிடுகிறது.

எங்கள் அலுவலகப் பகுதியில் பார்வையற்ற நண்பர் ஒருவர் பணிபுரிகிறார். தட்டச்சில் எங்கள் எல்லோரையும்விட வேகமானவர். சில ஆண்டுகளுக்குமுன் அவர் உபயோகித்துவந்த மென்பொருள் ஒன்று, இன்னதென்று குறிப்பிட விரும்பவில்லை, புதிய பதிப்பாக மாறி, சொற்கள் எழுதிய பொத்தான்களின் இடத்தில் அழகிய சிறு படங்கள் வந்து அமர்ந்தன. பார்த்தவர்கள் மெச்சினர். அவருடைய திரைபடிப்பானோ அடுத்தடுத்து 'பொத்தான், பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டுமே சொல்லிற்று. நான்கில் எது எது என்று அறிய ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தவர், மூன்றாவதை அமுக்கியபோது அன்று காலை முழுதும் தயாரித்த அட்டவணையை இழந்தார். அப்பொத்தான்களுக்குப் பெயரிட மூலநிரலில் நான்கு வரி போதும். அவ்வரிகள் விடுபட்டதை, கண்ணுள்ள எந்தச் சோதனையாளரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பெயரைச் சொல்லி அழைத்துத் தேடும் சோதனை நிரலோ, அழைத்தவுடன் விடை கிடைக்காமல் அவ்விடத்திலேயே நின்றிருக்கும்.

இக்குறை நேரும் விதத்தையும் சற்று விளக்குதல் தகும். க்யூட் நூலகத்தின் வழக்கமான பொத்தானில் சொல் எழுதப்பட்டிருந்தால், அச்சொல்லே திரைபடிப்பானுக்கும் பெயராகச் செல்கிறது. சிறு படம் மட்டும் உள்ள பொத்தானுக்கும், நூலகத்தில் இல்லாமல் நிரலாசிரியர் தாமே வரைந்துகொண்ட உறுப்புக்கும் அவ்வசதி தானாகக் கிடைப்பதில்லை. பிளாஸ்மாவின் பல பகுதிகள் இவ்வாறு தனியே வரையப்பட்டவை. ஆகவே படப் பொத்தானுக்கும் சொல்லை எழுதி வைத்து, திரையில் மட்டும் அதை மறைத்துப் படத்தைக் காட்டு என்று கட்டளையிடும் வழக்கத்தை கே.டி.இ. நிரலாசிரியர்கள் கைக்கொள்கின்றனர்.

பெயரால் தேடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மென்பொருளின் முகத்தைச் சோதிப்பதில் மிகுந்த தொல்லை தருவது காலம். 'திற' என்பதை அமுக்கியபின் சாளரம் திறக்க வேகமான கணிப்பொறியில் கால் வினாடியும், பல சோதனைகளைச் சுமந்து திணறும் கணிப்பொறியில் 3 வினாடியும் ஆகலாம். அமுக்கியபின் 1 வினாடி காத்திரு என்று எழுதினால், அச்சோதனை சில நாள் வெற்றி பெறும், சில நாள் தோற்கும். 10 வினாடி காத்திரு என்று எழுதினால் வெற்றி உறுதியாகலாம். ஆனால் நூறு இடங்களில் பத்துப் பத்து வினாடி வீணாகும். இதற்கு மாற்று, கடிகாரத்தைப் பாராமல் நிகழ்ச்சியைப் பார்ப்பதேயாகும். சாளரம் தோன்றிவிட்டதா என்று செலினியம் அரை வினாடிக்கு ஒருமுறை பார்த்து, தோன்றியவுடன் மேலே செல்லும். வகுத்த எல்லைக்குள் தோன்றாவிட்டால் மட்டுமே தோல்வி என்று அறிவிக்கும். லிப்ரே ஆபீஸ் என்னும் மற்றொரு திறந்த மூலத் திட்டத்தில் 2016-ல் அமைக்கப்பட்ட முகச்சோதனை முறை, இதில் இன்னும் ஒரு படி மேலே சென்றது எனலாம். உரையாடல் சாளரம் திறந்தவுடன் மென்பொருளே 'திறந்துவிட்டேன்' என்று செய்தி அறிவிக்கும்வண்ணம் அதன் உட்புறத்தில் ஏற்பாடு செய்திருந்தனர்.

சோதனை நடக்கும் இடமும் கவனத்துக்குரியது. ஒரு தொண்டரின் சொந்தக் கணிப்பொறியில் எழுத்து பெரிதாகவும், மொழி ஸ்பானிஷாகவும், பின்னணி கறுப்பாகவும் இருக்கலாம். அங்கு வெற்றி பெறுவது வேறிடத்தில் தோற்கும். ஆகவே கே.டி.இ.யின் சோதனைகள், கே-வின் என்னும் சாளர மேலாளரை உண்மையான திரை இல்லாமலே தனியாக இயக்கி, அந்தக் கற்பனைத் திரைக்குள் நடத்தப்படுகின்றன. புறத்தேயுள்ள அமைப்புக்கள் அதனுள் புகுவதில்லை. திருத்தம் ஒன்று வந்தவுடன், அதை மூலநிரலில் சேர்க்குமுன்னரே பொதுக் கணிப்பொறி ஒன்று இவ்வாறு சோதித்து, முடிவைத் திருத்தம் அனுப்பியவருக்குத் தெரிவிக்கிறது. முதன்முறையாகத் திருத்தம் அனுப்பும் மாணவர், தம் பிழையை மூத்தவர் ஒருவர் சுட்டிக்காட்டுமுன் தாமே அறிந்துகொள்கிறார்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என்னைத் தொடும் சிக்கல் ஒன்று உண்டு. 'ஓபன்' என்று தேடும் சோதனை, தமிழ்ப் பதிப்பில் 'திற' என்றிருக்கும் பொத்தானைக் காணாது. இதனால் சோதனைகள் பெரும்பாலும் ஆங்கில அமைப்பிலேயே நடத்தப்படுகின்றன. தமிழ் முகம் சோதிக்கப்படாமலே வெளியாகிறது. பெயரோடுகூட, எம்மொழியிலும் மாறாத அடையாளக் குறி ஒன்றை ஒவ்வோர் உறுப்புக்கும் தருவது இதற்குரிய வழி, ஏ.டி.-எஸ்.பி.ஐ. முறையில் அதற்கு இடமும் இருக்கிறது. எனினும் அடையாளக் குறியை மட்டுமே நம்பினால் பெயர் இருக்கிறதா என்பதை எவரும் பார்க்கமாட்டார்கள். கிடைத்த நன்மை கைநழுவிப் போகும். அடையாளத்தால் தேடி, பின் அதன் பெயர் வெறுமையாக இல்லை என்பதையும் உறுதிசெய்வதே முறை. மறைந்துள்ள பெயர்கள் மொழிபெயர்க்கும் பட்டியலில் சூழ்நிலை விளக்கமின்றி வருவதும் ஒரு தொல்லை. 'கிளியர்' என்று தனியே ஒரு சொல் நின்றால், அது தெளிவானது என்ற பொருளிலா, அழித்துவிடு என்ற பொருளிலா என்று யார் அறிவார்? பெயர் இருக்கிறது என்று சோதனை நிரல் மகிழும். தமிழில் கேட்பவரோ திகைப்பார்.

ஆகவே இச்சோதனையின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். பொத்தானுக்குப் பெயர் உண்டு என்பதை அது காட்டும். அப்பெயர் பொருத்தமானது என்பதைக் காட்டாது. இணைப்பு முறை வழியாகப் பொத்தானை நேரே இயக்கும்போது, அப்பொத்தானின்மேல் வேறொரு சாளரம் படிந்து அதை மறைத்திருந்தாலும் சோதனை வெற்றி பெற்றுவிடும். வெளிர் சாம்பல் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து எழுதப்பட்டிருந்தால் அதுவும் இதற்குத் தெரியாது. படத்தை ஒப்பிடும் பழைய முறையை அடியோடு கைவிடாமல், தேவையான சில இடங்களில் வைத்துக்கொள்வது இதனாலேயே.

மூன்றாவது குறிக்கோளான சுற்றுச்சூழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மென்பொருள் எவ்வளவு மின்சாரம் செலவிடச் செய்கிறது என்பதை அளக்க, ஒரே வேலையை ஒரே விதமாகப் பலமுறை செய்யவேண்டும். மனிதக் கைக்கு அந்த ஒழுங்கு வாராது. ஒகுலர் மென்பொருள் 2022-ல், ஜெர்மனியின் நீலத் தேவதை என்னும் சுற்றுச்சூழல் முத்திரையை, மென்பொருள்களுள் முதலாவதாகப் பெற்றது. அத்தகைய அளவீடுகளுக்கு முன்னர் உபயோகித்த எக்ஸ்-டூ-டூல் கட்டளைகளின் இடத்தில் புதிய சோதனைக் கட்டளைகளைக் கொண்டுவரும் வேலையில் மாணவர் பலர் ஈடுபட்டனர்.

நம் நாட்டிலும் இதற்குத் தொடர்பு உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், இதே குடும்பத்தைச் சார்ந்தது. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை மத்திய அரசு 2015-ல் அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. மின்னணுச் சாதனங்களும் தகவல்களும் அவர்களுக்கு எட்டும் வகையில் அமையவேண்டும் என்று அது விதிக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் இவ்வேலையில் பங்குகொள்ளலாம். ஆக்ஸர்சைசர் என்னும் இலவசக் கருவியை லினக்ஸ் கணிப்பொறியில் நிறுவி, ஏதேனும் ஒரு மென்பொருளைத் திறந்து வைத்தால், அதன் உறுப்புக்கள் யாவும் கிளைப் பட்டியலாகத் தோன்றும். ஒவ்வொன்றாகக் கீழிறங்கி வருகையில், பெயருக்குரிய இடம் வெறுமையாக உள்ள பொத்தான்கள் தென்படும். அவை எந்தச் சாளரத்தில், எந்தப் பதிப்பில் உள்ளன என்று குறித்து, அம்மென்பொருளை ஆக்கியவர்களின் பிழைப் பதிவேட்டில் சேர்த்துவிடலாம். இவ்வாறு பார்த்ததில் எனக்கு ஒரே மாலையில் அகப்பட்டவை 11.